கருகிய சந்தனப் பொட்டு

அத்தியாயம் 3

கார்ட்டூன் கம்பெனி முதலாளி பழனியப்பனின் மேசைமேல் இரண்டு மடிக்கணினிகள் இருந்தன. இரட்டைப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்ததுபோல ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அவ்வளவு சின்னவை.

"இதுல வலது பக்கம் இருக்கறது, வேலைய விட்டுப் போற தினேஸ்வரி திருப்பிக் குடுத்தது," என்றார் பழனியப்பன். "திருடிட்டா லா அந்தப் பிள்ள. யாரு எடுத்தான்னு நீங்க சொல்ல வேணாம் தம்பி. எப்படி எடுத்தான்னு மட்டும் சொல்லுங்க. ரிப்போர்ட்ல எழுதணும். சாப்பிட்டு முடிச்சதும் போலீஸ் பாலாய் போறேன். அவங்க பாத்துக்கட்டும்."

சுகுமாரன் தலையசைத்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கிற வேலையில் இருந்தவன். இப்போது ஈப்போ பழைய டவுனில் ஒரு கோப்பிக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறான். மனைவி ஷாமினி போன வருடம் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவனுக்கு எல்லா வழக்கும் ஒரே எடைதான். காணாமல் போனது பூனையானாலும் ஆளானாலும் கேட்பான், பார்ப்பான், கண்டுபிடிப்பான், வீட்டுக்குப் போய் விளக்கை அணைப்பான்.

பேச்சு வேலையெல்லாம் அவனுடைய உதவியாளர் பமேலாவுடையது. ஆயர் தாவார்க்காரி. கணினிக் கடையில் விற்பனைக்கு நின்று, வந்தவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லி வேலையை இழந்தவள்.

"என்ன காணோம் சார்?" என்றாள்.

"கிராபிக்ஸ் கார்டு. நேத்துதான் அந்தப் பிள்ள மெஷினை ஒப்படைச்சுச்சு. செட்டிங்கைத் தெறந்தா ரெண்டு பேர் இருக்கணும். சாதா கிராபிக்ஸ் ஒன்னு, டெடிகேட்டட் ஒன்னு. இப்ப சாதா மட்டும்தான் நிக்குது."

சுகுமாரன் பமேலாவைப் பார்த்தான். விளக்கம் வேண்டும் என்று அர்த்தம்.

"சாதான்னா வீட்டுக்காரம்மாவே சமையலும் பாக்கும், துணியும் தொவைக்கும்ணே. டெடிகேட்டட்னா சமையலுக்குன்னே தனி ஆள். கணக்கு எழுத, லெட்டர் அடிக்க வீட்டுக்காரம்மா போதும். கார்ட்டூன்ல ஒரு பொம்மையை மழையில ஓட விடணும்னா அது கல்யாணச் சமையல். தனி ஆள் இல்லாம முடியாது. இவ்ளோ சின்ன மெஷின்ல அந்த ஆளுக்கும் எடம் குடுத்து விக்கிறது அபூர்வம்."

"அந்த ஆளைத்தான் கழட்டி எடுத்துக்கிட்டா," என்றார் பழனியப்பன்.

"கழட்ட முடியாது சார். கார்டுன்னு பேர்தான். பெரிய பெட்டி கணினியில நெசமாவே கார்டு. இதுல அது ஒரு சில்லு. போர்டோட சேத்து ஈயம் வச்சு ஒட்டிருப்பான். அதை மட்டும் எடுக்கறது இட்லித் தட்டுல குழியை மட்டும் களவாடுற மாதிரி."

பழனியப்பன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மெஷினையே மாத்திட்டா. இதே உடம்புல கார்டு இல்லாமலும் விக்கிறான்லா. அந்த இடது பக்கத்து மெஷின் கணக்கு எழுதுற பெட்ரீசியாவோடது, அதுல கார்டு கெடையாது. இவ வெளியில ஒன்னு அதே மாதிரி வாங்கி மாத்திட்டா."

சுகுமாரன் மேசையை நெருங்கினான். இரண்டு மூடிகளையும் திறந்து வைத்தான். இரண்டிலும் விசைப்பலகைக்கு மேலே, நடுவில், சந்தனப் பொட்டு.

"யாரு வச்சது?"

"நான்தான். சரஸ்வதி பூஜைக்கு ஆபீஸ்ல இருக்கற எல்லா மெஷினுக்கும் என் கையால வைப்பேன். அடுத்த பூஜை வரைக்கும் யாரும் தொடைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்."

"மோதிர வெரல்லயா?"

"வேற எந்த வெரல்ல வைப்பாங்க?"

அவருடைய மோதிர விரலில் நவரத்தின மோதிரம் புடைத்துக்கொண்டிருந்தது. சுகுமாரன் இரண்டு பொட்டுகளுக்கும் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினான். இரண்டிலும், பொட்டுக்குச் சற்றுக் கீழே, மோதிரக் கல் உரசிய மெல்லிய கீறல்.

"ரெண்டுமே நீங்க வச்ச பொட்டு சார். ரெண்டு மெஷினும் போன பூஜை அன்னிக்கு இந்த ஆபீஸ்ல இருந்தது."

"பூஜைக்கு அப்புறம் பெட்ரீசியா மெஷினையும் இதையும் மாத்தி வச்சிருந்தா?"

"கலரைப் பாருங்க."

பெட்ரீசியாவின் மடிக்கணினியில் பொட்டு இன்னும் மஞ்சளாக இருந்தது. தினேஸ்வரியுடையதில் அது பழுப்பேறி, வெயிலில் காய்ந்த சேறுபோல வெடித்திருந்தது.

பமேலா குனிந்து பார்த்தாள். "வெந்து போயிருக்கு. தனிச் சில்லு வேலை செஞ்சா சின்ன மெஷின்ல இந்த எடம் தோசைக்கல்லு மாதிரி ஆயிரும். சார், உங்க பொட்டே சாட்சி சொல்லுது. இது தினேஸ்வரியோட மெஷின்தான். மாத்தவே இல்ல."

"அப்ப கார்டு எங்க?"

கழற்ற முடியாத சில்லு. மாற்றப்படாத மெஷின். ஆனாலும் சில்லைக் காணோம்.

"பேய் கொண்டு போயிருச்சா?" என்றார் பழனியப்பன்.

"பேய்க்கு என்னத்துக்கு சார் கிராபிக்ஸ்? அதுவே பாதி தெரியும் பாதி தெரியாது."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தினேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். மடிமேல் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர்கள் உள்ளே போனதும் எழுந்தாள்.

"நான் எடுக்கலண்ணே."

"தெரியும்," என்றான் சுகுமாரன்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. மறுபடி உட்கார்ந்தாள். கோலாலம்பூரில் ஒரு பெரிய நிறுவனம் கூப்பிட்டிருப்பதைச் சொன்னாள். திங்கட்கிழமை சேர வேண்டும். போலீஸ் விவகாரம் ஏதும் இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். இன்றைக்கு ஒரு ரிப்போர்ட் பதிவானால் அந்தக் கதவு மூடிவிடும்.

"வேலை எங்க செய்வீங்க?"

"வீட்ல. டன்லீத் தோட்டம். தஞ்சோங் ரம்புத்தான் போற ரோட்ல. அம்மாவுக்கு எடது கை வராது, அதனால சார் என்னை வீட்லேர்ந்தே செய்ய விட்டாரு. இனிமே பக்கத்து வீட்டு சித்தி பாத்துக்குவாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க போய்ப் பாக்கறதா இருந்தா பாருங்கண்ணே. கதவைத் தெறக்க அம்மாவுக்குக் கொஞ்சம் நேரமாகும். திட்டாதீங்க."

சுகுமாரனின் காடியில் முன்பக்கத்து இடது இருக்கை பின்னால் தள்ளி, நன்றாகச் சாய்ந்து கிடக்கும். கடைசி மாதங்களில் ஷாமினியால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மருத்துவமனைக்கு அப்படியே படுத்தபடிதான் வருவாள். அவன் அதை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தக் கூடாது என்று முடிவு செய்ததும் இல்லை. பமேலா உலகத்தில் எல்லாவற்றையும் கிண்டல் செய்வாள். அந்த இருக்கையின் நெம்புகோலை மட்டும் தொட்டதே கிடையாது. பல் டாக்டரிடம் வந்தவள்போல மல்லாந்து கிடந்துதான் எல்லா வழக்குக்கும் போவாள்.

"தஞ்சோங் ரம்புத்தான் போறேன்னு எங்கம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்ணே," என்றாள் கூரையைப் பார்த்தபடி. "சந்தோஷம், அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில நல்லா காட்டிட்டு வான்னாங்க."

அவன் சிரிக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. சுண்ணாம்புக் குன்றுகள் ஜன்னலில் நகர்ந்தன.

"தினேஸ்வரி ஒப்படைச்ச பையில மெஷினோட ஒரு சார்ஜர் இருந்துச்சே," என்றான். "எப்படி இருந்துச்சு?"

"சின்னது. வெள்ளை. போன் சார்ஜர் மாதிரி."

சொன்னவள் அப்படியே எழுந்து உட்கார்ந்தாள். அந்த இருக்கையில் அது சுலபமான காரியமில்லை.

"அண்ணே. போன் சார்ஜர் மாதிரி இல்ல. அது போன் சார்ஜரேதான்."

"மெஷினுக்கு வர்றது?"

"செங்கல் மாதிரி இருக்கும். கறுப்பா, கனமா. இப்ப எல்லாத்துக்கும் ஒரே ஓட்டை, எதைச் சொருகினாலும் லைட் எரியும், பேட்டரி ஏறும். ஆனா அந்தத் தனி ஆளுக்குத் தீனி அதிகம். சின்ன சார்ஜர்ல பத்தாது. கடைக்காரன் சிக்கன மோட்ல வச்சுக் குடுத்திருந்தான்னா, கரண்ட் பத்தலன்னதும் மெஷினே அதைத் தூங்கப் போட்டுட்டு லிஸ்ட்லேர்ந்து பேரையும் எடுத்துரும்."

"அப்ப கார்டு திருட்டுப் போகல."

"பட்டினி கெடக்கு."

கைப்பேசியில் தினேஸ்வரியைக் கூப்பிட்டாள். ஆமாம், பெரிய சார்ஜரை இரண்டு நாளாகக் காணோம். வீடு முழுக்கத் தேடியாயிற்று, கட்டிலுக்கு அடியில்கூடப் படுத்துப் பார்த்தாயிற்று. போன் சார்ஜர் பொருந்தியது, அதையே பையில் வைத்துக் கொடுத்துவிட்டாள். பெரியது கிடைத்ததும் அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள். சின்ன சார்ஜரில் அவள் ஒருநாளும் வேலை செய்ததில்லை. இப்படி ஆகும் என்று தெரியாது.

மறுமுனையில், அவளுக்குப் பின்னால், பழனியப்பனின் குரல் கேட்டது. "என்னது, சார்ஜரா? லைட் எரியுதுல்ல? எந்தக் கையால ஊட்டினா என்ன, சோறு உள்ள போகுதுல்ல? கதை சொல்லாதீங்கலா. நான் சாப்பிடப் போறேன். வந்ததும் பாலாய்தான்."

"அந்தக் கம்பெனிச் செங்கல்தான் வேணும்," என்றாள் பமேலா, கைப்பேசியை வைத்துவிட்டு. "வேற எதைக் குடுத்தாலும் அந்த மெஷின் மூஞ்சியத் திருப்பிக்கும். ஈப்போ கடையில கெடைக்காது. பெட்ரீசியாவோடதுக்கும் சின்னதுதான். அந்தச் செங்கல் வீட்லதான்ணே இருக்கு. செங்கலுக்குக் கால் முளைக்காது."

பால்மரம் எல்லாம் போய், பாதி செம்பனையும் பாதி புதுத் தாமான் குடியிருப்புமாக மாறியிருந்த இடம் டன்லீத். லயத்து வீடுகளில் ஒரே ஒரு வரிசை மிச்சம். கடைசி வீட்டில் கதவு திறக்க நேரமானது. அவர்கள் பொறுத்திருந்தார்கள்.

தினேஸ்வரியின் அம்மா பாப்பா ஒல்லியான பெண்மணி. வலது கையால் தாழ்ப்பாளைத் தள்ளி, "வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னலோரக் கட்டிலில் போய் உட்கார்ந்து கம்பளியை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டார். வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, அந்தக் கட்டில், சாமி படங்கள், ஒரு பக்கம் கட்டி வைத்த பெட்டிகள். மகள் பிரச்சினையில் இருப்பது அவருக்குத் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

"ஆபீஸ்லேர்ந்து வாரோம்மா. ஒரு சார்ஜரைத் தேடி," என்றாள் பமேலா.

"அவளும் தேடினா. உள்ள பாருங்க."

பமேலா உள் அறைக்குப் போனாள். சுகுமாரன் நாற்காலியில் உட்கார்ந்தான். மேலே விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே தகரக் கூரை வெயிலில் முறுகியது. பாப்பாவின் நெற்றியில் வியர்வை. மடியில் கம்பளி.

அவன் கம்பளியைப் பார்த்தான். பிறகு சுவரை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக். சுவிட்ச் போட்டிருந்தது. அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கீழே இறங்கி, கட்டில் காலோரமாக ஏறி, கம்பளிக்குள் போனது. விசிறிக் காற்றில் கம்பளி ஓரம் விலகியபோது இடது முன்கை தெரிந்தது. அதில் வலை பின்னியதுபோல ஒரு பழுப்புக் கறை. நான்கு மூலையும் நேராக, ஒரு சின்னச் செங்கல் அளவுக்கு.

பமேலா திரும்பி வந்தாள். "இல்லண்ணே." அவன் பார்வை போன திசையில் அவள் பார்வையும் போனது. "நான் வெளியில போய் அந்தச் செம்பனை எந்தக் காலத்துல காய்க்கும்னு பாத்துட்டு வாரேன்," என்று சொல்லிப் போய்விட்டாள்.

சுகுமாரன் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டான்.

"அது சூடா இருக்காம்மா?"

பாப்பா அவனை வெகுநேரம் பார்த்தார். மறைக்கலாமா என்று யோசித்து, அது வேண்டாம் என்று விட்டதுபோல இருந்தது.

"இல்ல தம்பி. ரெண்டு நாளா பிளக் போட்டுத்தான் வச்சிருக்கேன். சூடாக மாட்டேங்குது. கெட்டுப் போச்சா?"

"எதுக்கு எடுத்தீங்க?"

"இந்தக் கை செத்துக் கெடக்கு. ஐஸ் வச்சாலும் தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது. இவ வேலை செய்யறப்ப இந்தக் கட்டை பக்கத்துல கெடக்கும். ஒருநா கை அது மேல விழுந்து கெடந்துருக்கு. நான் கவனிக்கல. அப்புறம் என்னமோ தெரிஞ்சுச்சு தம்பி. எனக்கே பயமாயிருச்சு."

"எப்படி இருந்துச்சு?"

வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி. அப்படி ஒன்றை அவன் யாரிடமும் கேட்டு நாளாகியிருந்தது.

"வலி மாச்சாம், வலி மாதிரி. ஆனா வலி இல்ல." பாப்பா கம்பளியைத் தடவிக்கொண்டார். "அதுலேர்ந்து தெனமும் இவ பக்கத்துல போய் உக்காந்துக்குவேன். நான் பொம்மைப் படம் பாக்கத்தான் வாரேன்னு நெனச்சுக்கிட்டு, அம்மா இதைப் பாரு, அதைப் பாருன்னு காட்டுவா."

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா போவாளா?"

விசிறி சுற்றியது. சுகுமாரனின் நெஞ்சுக்குள் ஏதாவது நடந்திருக்க வேண்டிய நேரம் அது. ஒன்றும் நடக்கவில்லை. அவன் முன்கை மயிர் மட்டும் விசிறிக் காற்றில் அசைந்தது.

"அது கெட்டுப் போகலம்மா. மெஷினோட சேந்து, மெஷின் கஷ்டப்பட்டு வேலை செஞ்சாத்தான் அது சூடாகும். தனியா போட்டா இப்படித்தான் கெடக்கும்."

"ஓ." பாப்பா கம்பளிக்கு மேலேயே அதைத் தொட்டுப் பார்த்தார். "அவ போயிட்டா சூடாகாது."

"ஆகாது. இப்ப இது அவங்களுக்கு வேணும்மா. இது இல்லன்னா திங்கக்கெழம அவங்க போக முடியாது."

அந்தச் செங்கல் கம்பளிக்கு உள்ளேயே இருந்தால் மகள் போக மாட்டாள். அவன் அதைச் சொல்லவில்லை. பாப்பாவுக்குச் சொல்லவும் தேவையில்லை. வலது கையால் கம்பளியை விலக்கி, மடங்கிப்போன இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கறுப்புச் செங்கலை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"எங்க இருந்துச்சுன்னு கேப்பா. வேற எடம் சொல்லு."

"சொல்றேன்மா."

சுவிட்சை அணைத்தான். ஒயரைச் சுருட்டினான். செங்கல் சில்லென்றிருந்தது.

அவர்கள் திரும்பியபோது பழனியப்பன் சாப்பிட்டு முடித்துக் கைக்குட்டையால் வாய் துடைத்துக்கொண்டிருந்தார். காடிச் சாவி மேசைமேல் தயாராக இருந்தது. பமேலா எதுவும் பேசாமல் வெள்ளை சார்ஜரைப் பிடுங்கி, கறுப்பைச் சொருகினாள். திரை ஒருமுறை இருண்டு வெளிச்சமானது. மடிக்கணினியின் விசிறி இருமிக்கொண்டு எழுந்தது. செட்டிங்கைத் திறந்தாள். பட்டியலில் இரண்டு பெயர்கள்.

பழனியப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவு நேரம் இது உள்ளயேதான் இருந்துச்சா?"

"தூங்கிக்கிட்டு இருந்துச்சு சார். அடுத்த பூஜைக்கு சார்ஜருக்கும் சேத்து ஒரு பொட்டு வச்சிருங்க. கூட ஒரு சாட்சி."

அவர் சாவியை மேசை இழுப்பறைக்குள் போட்டார். கண்ணாடித் தடுப்புவரை போய், கதவில் கைவைத்தபடி கொஞ்சநேரம் நின்றார். பிறகு உள்ளே போய் ஏதோ சொன்னார். மன்னிப்பு என்பது கேட்டது. நாலு வருசமா உன்ன என் பிள்ள மாதிரி என்பதும் கேட்டது.

தினேஸ்வரி வந்து மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் பழனியப்பன். அவள் கடைசியாகச் செய்த படத்தை ஓடவிட்டாள். மழையில் ஒரு சின்னப் பெண் ஓடினாள். ஒவ்வொரு துளியும் தனித்தனியாக அவள் தலைமுடியில் விழுந்து தெறித்தது. பழனியப்பன் பெட்ரீசியாவைக் கூப்பிடப் போனார்.

"எங்கண்ணே இருந்துச்சு?" என்றாள் தினேஸ்வரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சோபாவுக்குப் பின்னால. ஒயர் சிக்கிக் கெடந்துச்சு."

பமேலா கூரையைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல சோபா இல்லண்ணே."

திரையில் மழை ஓடிக்கொண்டிருந்தது. சுகுமாரனிடம் வேறு இடம் எதுவும் தயாராக இல்லை. பிறர் சொன்ன பொய்களைப் பிடிக்கவே இத்தனை வருடம் போய்விட்டது; சொந்தமாக ஒன்று சொல்லிப் பழகவில்லை.

தினேஸ்வரி மேசைமேல் கிடந்த செங்கலைத் தொட்டாள். அதற்குள் அது நன்றாகச் சூடாகியிருந்தது. கையை எடுக்காமல் வைத்திருந்தாள். அவள் பார்வை திரையில் இருந்தது. ஆனால் அவள் பார்த்தது திரையை அல்ல. அவளுக்கு இடது பக்கத்தில், வீட்டில் என்றால் அம்மாவின் நாற்காலி இருக்கும் இடத்தை, மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"அம்மா எதுவும் சொன்னாங்களா?"

"பசியாறிட்டீங்களான்னு கேட்டாங்க."

அவள் தலையசைத்தாள். மறுபடி தலையசைத்தாள்.

"வேற எடம் சொல்லுங்கண்ணே. நம்புற மாதிரி."

சுகுமாரன் யோசித்தான்.

"கட்டிலுக்கு அடியில."

"ஆமாலா," என்றாள் தினேஸ்வரி, கையை இன்னும் அந்தச் சூட்டின்மேல் வைத்தபடி. "கட்டிலுக்கு அடியில நான் பாக்கவே இல்ல."